தோட்டக் கொட்டகைக்குப் பின்னால்: லண்டன் வீடு ஒன்றில் ஜப்பானிய நாட்வீட்

தென்மேற்கு லண்டனின் ரெயின்ஸ் பார்க் பகுதியில் 2018ஆம் ஆண்டு மூன்று படுக்கையறை கொண்ட ஒரு வீடு 7 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. வாங்கியவர் குடிபுகுந்து தோட்டத்தைச் சீர்செய்யத் தொடங்கியபோது, கொட்டகைக்குப் பின்னால் மூங்கில் போன்ற தண்டுகள் நிற்பதைக் கண்டார். அவை ஜப்பானிய நாட்வீட் என்னும் களைச்செடியின் தண்டுகள். விற்பனைக்கு முன் விற்பவர் நிரப்பித் தரும் சொத்து விவரப் படிவத்தில், இந்தச் செடியால் வீடு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிடப்பட்டிருந்தது. தகராறு மத்திய லண்டன் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போனது. 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தபோது, விற்றவர் சுமார் 32,000 பவுண்ட் இழப்பீட்டோடு எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்காக 95,000 பவுண்டும் கொடுக்க வேண்டியதாயிற்று. தம் வழக்கறிஞருக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் அவருக்கு ஆன செலவு 2 லட்சம் பவுண்டைத் தாண்டும் என்று அன்றைய செய்திகள் கணக்கிட்டன.

வாங்கியவர், விற்றவர் இருவருமே தனிமனிதர்கள் என்பதால் அவர்களுடைய பெயர்களை இங்கே தவிர்க்கிறேன். நகரத்து வீட்டுத் தோட்டம் ஒன்றில் சில சதுர மீட்டர் இடத்தில் வளர்ந்த செடி, அதை அகற்ற ஆகும் செலவைப் போலப் பல மடங்கு பணத்தை எப்படி விழுங்கியது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. செடியின் இயல்பு, அதைப் பற்றிய அச்சம், படிவத்தில் இடப்பட்ட ஒரு குறி ஆகிய மூன்றும் இதில் பின்னிக்கிடக்கின்றன. செடியின் இயல்பைப் புரிந்துகொள்ளாமல் மற்ற இரண்டையும் புரிந்துகொள்ள முடியாது.

மண்ணுக்குக் கீழே இருப்பதுதான் செடி

ஜப்பானிய நாட்வீட் நம் சுக்கான்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜப்பானில் இதன் இளந்தளிரைச் சமைத்து உண்கிறார்கள். அதிலும் அதே புளிப்புத்தான். தண்டு உள்ளீடற்றது, மூங்கிலைப் போலக் கணுக்கள் உடையது, பச்சையின் மேல் ஊதாப் புள்ளிகள் தெளித்தது. இலை அடிப்பகுதியில் நேராக வெட்டியது போலவும் நுனியில் கூராகவும் இருக்கும். கிளையில் இலைகள் இடமும் வலமுமாக மாறிமாறி அமைந்திருப்பதால் கிளையே வளைந்து வளைந்து செல்வது போலத் தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் இந்தப் பகுதியைச் செடி ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் தானே உதறிவிடுகிறது. இஞ்சியையும் மஞ்சளையும் போல மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் நிலத்தடித் தண்டுதான் நிலைத்து வாழும் உடல். அதை ஒடித்தால் கேரட்டைப் போலப் படக்கென்று முறியும். உள்ளே ஆரஞ்சு நிறம் தெரியும். ஒரு கிராமுக்கும் குறைவான துண்டு ஒன்று ஈரமண்ணில் விழுந்தால் போதும், புதுச் செடி எழுந்துவிடும்.

ஐரோப்பாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஜப்பானில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் பிலிப் பிரான்ஸ் வான் சீபோல்ட். நெதர்லாந்தில் அவர் நடத்திய நாற்றுப்பண்ணையில் வளர்ந்த இச்செடி, 1847இல் உட்ரெக்ட் நகரின் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்திடம் சிறந்த புதிய அலங்காரச் செடிக்கான தங்கப் பதக்கம் பெற்றது. 1850இல் அவர் அனுப்பிய செடிப் பொதியோடு அது லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தை அடைந்தது. ரெயின்ஸ் பார்க்கிலிருந்து கியூ சில மைல் தொலைவுதான். அடுத்து வந்த ஆண்டுகளில் நாற்றுப்பண்ணைகள் இதைக் காசு வாங்கிக்கொண்டு விற்றன என்பதை இன்று காசு கொடுத்து இதை அகற்றுவோர் கசப்போடு நினைவுகூர்கிறார்கள். தோட்ட மதிலைத் தாண்டித் தானாக வளர்வதாக இது முதலில் பதிவானது 1886இல், தெற்கு வேல்ஸின் மாஸ்டெக் என்னும் சுரங்க ஊரின் சாம்பல் மேடுகளில். அந்த ஊரின் பெயர் பின்னால் சட்ட வரலாற்றிலும் வரும்.

பிரிட்டனில் உள்ள ஜப்பானிய நாட்வீட் அனைத்தும் ஒரே பெண் செடியின் நகல்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. தன்னினத்து ஆண் செடி அங்கே இல்லாததால் விதை வழியாக இது பரவுவதில்லை. ஆற்று வெள்ளமும் மனிதக் கையும்தான் பரப்புகின்றன. ஆகவே நகரத் தோட்டம் ஒன்றில் இது முளைத்தால், யாரோ ஒருவர் அழகுக்காக நட்டிருக்க வேண்டும், அல்லது கட்டுமான மண்ணோடு துண்டு ஒன்று வந்திருக்க வேண்டும், அல்லது வேலிக்கு அடியில் பக்கத்து நிலத்திலிருந்து ஊர்ந்து வந்திருக்க வேண்டும். காற்றின் மீதும் பறவையின் மீதும் பழிபோட முடியாத செடி இது. ஒவ்வொரு புதருக்கும் பின்னால் ஒரு மனிதச் செயலோ கவனக்குறைவோ இருப்பதால்தான், இது தோட்டக்கலைச் சிக்கலாக நில்லாமல் வழக்காகவும் மாறுகிறது.

‘இல்லை’ என்ற குறி

இங்கிலாந்தின் நிலவிற்பனைச் சட்டத்தில் அடிப்படை விதி, வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்பது. விற்பவர் குறைகளைத் தாமாக எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். ஆனால் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னால், அந்தப் பதில் பொய்யாக இருக்கக் கூடாது. வழக்கறிஞர் சங்கமான லா சொசைட்டி வெளியிடும் டிஏ6 என்ற படிவம்தான் கேள்விகளை அடுக்குகிறது. அதில் நாட்வீட் பற்றிய கேள்வி 2013இல் தனியாகச் சேர்க்கப்பட்டது. பதிலுக்கு மூன்று கட்டங்கள்: ஆம், இல்லை, தெரியாது.

1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டம் இங்கேதான் உள்ளே வருகிறது. படிவத்தில் சொன்னது பொய் என்று வாங்கியவர் காட்டிவிட்டால் போதும். தாம் அதை உண்மை என்றே நம்பியதையும், அப்படி நம்பியதற்குத் தக்க காரணம் இருந்ததையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்றவரின் தோளுக்கு மாறிவிடுகிறது. ரெயின்ஸ் பார்க் வழக்கில் விற்றவர் சொன்ன விளக்கம், தோட்டத்தில் இருந்த பெரிய புதர் ஒன்று நாட்வீட்டை மறைத்துவிட்டது, அதனால் தமக்குத் தெரியவில்லை என்பது. நிபுணர் சாட்சியமோ வேறு கதை சொன்னது. செடி அங்கே பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கக் கூடும். அதன் மேல் களைக்கொல்லி பயன்படுத்தப்பட்ட அடையாளமும் இருக்கிறது. தாம் எழுதிய பதிலை விற்றவர் உண்மை என்று நம்பியிருந்தார் என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அரைகுறையாகத் தெளித்த களைக்கொல்லி இந்தச் செடியைக் கொல்வதில்லை, குறுக்குகிறது. மறு ஆண்டில் கை அளவு உயரத்தில், சுருங்கி வடிவம் மாறிய சிற்றிலைகளோடு, கொத்தாக எழும். அதைப் பார்த்துப் பழகாதவர் நாட்வீட் என்று சொல்லவே மாட்டார். சில ஆண்டுகள் மேலே ஒன்றும் வராமலும் போகலாம். நிலத்தடித் தண்டு உறங்கிக்கொண்டிருக்கும், மண்ணைக் கிளறினால் விழிக்கும். ஒரு வீட்டில் ஒருவர் தெளித்துவிட்டுப் போன மருந்து, அடுத்தடுத்து அங்கே குடியேறுபவர்களிடமிருந்து செடியை மறைத்துவிடுகிறது. வீட்டை மதிப்பிட வரும் சர்வேயரும் தரைக்கு மேலே உள்ளதைத்தான் பார்க்கிறார். டிசம்பரில் வந்தால் பழுப்பேறிய காய்ந்த குச்சிகளைப் பார்ப்பார், அவற்றையும் யாராவது ஒடித்து அகற்றியிருந்தால் வெறும் மண்ணைப் பார்ப்பார்.

இந்த இயல்பை வைத்துப் பார்த்தால், ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்லத் தகுதியுள்ள வீட்டுக்காரர் மிகச் சிலரே. 2020இல் லா சொசைட்டி தன் விளக்கக் குறிப்பைத் திருத்தி அதையே எழுத்தில் வைத்தது. மேலே ஒன்றும் தெரியாவிட்டாலும், மண்ணுக்குள்ளும், எல்லையிலிருந்து 3 மீட்டருக்குள் பக்கத்து நிலத்திலும் நிலத்தடித் தண்டு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே ‘இல்லை’ என்று குறியிட வேண்டும். ஐயம் இருந்தால் ‘தெரியாது’ என்று குறியிட வேண்டும். என் பார்வையில் இது சரியான அறிவுரை, ஆனால் சந்தை அதை விரும்புவதில்லை. ‘தெரியாது’ என்ற சொல்லைப் பார்த்ததும் வாங்குபவரின் வழக்கறிஞர் தனி ஆய்வு கேட்பார், விற்பனை சில வாரம் தள்ளிப்போகும். அந்தச் சில வாரத்தைத் தவிர்க்கும் ஆசைதான் பலரின் கையை நடுக் கட்டத்துக்கு இழுக்கிறது. பெரும்பாலோர் இந்தப் படிவத்தை ஒரு சடங்காக ஒரு மாலை நேரத்தில் நிரப்புகிறார்கள். லண்டனில் வீடு வாங்கி விற்கும் தமிழர்களுக்கும் இது பொருந்தும்.

அச்சமும் அளவும்

இந்தச் செடி வீட்டையே இடித்துவிடும், கான்கிரீட்டைத் துளைத்துவிடும் என்ற பேச்சு பல ஆண்டுகளாகப் பிரிட்டனில் உலவியது. பட்டய சர்வேயர்களின் சங்கமான ஆர்ஐசிஎஸ் 2012இல் வெளியிட்ட ஆவணம், செடியிலிருந்து 7 மீட்டருக்குள் கட்டடம் இருந்தால் அதை ஆபத்து என வகைப்படுத்தியது. வங்கிகள் அந்த 7 மீட்டரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கடன் மறுத்தன. லண்டனில் அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளின் தோட்டங்கள் பலவும் 7 மீட்டர் அகலம்கூட இல்லாதவை. ஆகவே ஒரு வீட்டில் செடி இருந்தால் இரு பக்கத்து வீடுகளும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

2018இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினரும் ஏகாம் என்னும் பொறியியல் நிறுவனத்தினரும் இணைந்து வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அளந்து பார்த்தது. நிலத்தடித் தண்டு வெளியே தெரியும் செடியிலிருந்து 4 மீட்டருக்கு மேல் பரவுவது அரிது; கட்டடங்களுக்கு இது விளைவிக்கும் சேதம், பல மரங்களும் கொடிகளும் விளைவிப்பதைவிட அதிகமல்ல. ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் வழியே நுழையும், நடைபாதைக் கற்களைத் தூக்கும், பழைய வடிகாலுக்குள் புகும். உறுதியான அடித்தளத்தை உடைக்காது. 2019 மே மாதம் பிரிட்டன் நாடாளுமன்றக் கீழவையின் அறிவியல் தொழில்நுட்பக் குழு தன் அறிக்கையில், கடன் தருவோர் அளவுக்கு மீறி அஞ்சுகிறார்கள் என்றும் 7 மீட்டர் விதியை மாற்ற வேண்டும் என்றும் கூறியது. 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஆர்ஐசிஎஸ் புதிய வழிகாட்டி 7 மீட்டரைக் கைவிட்டு 3 மீட்டரை அளவாகக் கொண்டது. கட்டடத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் சேதம் இருக்கிறதா, தோட்டத்தைப் பயன்படுத்த முடியாமல் தடுக்கிறதா, செடி வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கச் சொன்னது.

ஆக, ரெயின்ஸ் பார்க் வீடு விற்கப்பட்டது அச்சம் உச்சத்தில் இருந்த காலத்தில். தீர்ப்பு வந்தது அச்சம் தணியத் தொடங்கிய பிறகு. ஆனாலும் இழப்பீடு குறையவில்லை, ஏனெனில் அங்கே விலைபேசப்பட்டது சுவர் விரிசல் அல்ல. இவ்வகை வழக்குகளில் அகற்றும் செலவும், அகற்றிய பின்னும் அந்த வீட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும் பெயர்க்கேட்டால் குறையும் விலையும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன. வீடு இடியாது என்று அறிவியல் சொன்னாலும், வாங்க வருபவர் தயங்கினால் விலை குறையத்தான் செய்யும்.

அகற்றுவது எப்படி

இப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் செடியைக் கண்டவுடன் பெரும்பாலோர் செய்வது அரிவாளையோ புல்வெட்டியையோ எடுப்பதுதான். முளையிலேயே கிள்ளி எறி என்பது நம் வழக்கு. இந்தச் செடிக்கு அது பொருந்தாது. கிள்ளியதை நிலத்தடித் தண்டு ஈடுசெய்துகொள்ளும். சுழலும் புல்வெட்டியோ துண்டுகளைத் தோட்டம் முழுக்கத் தூவிவிடும். முதலில் செய்ய வேண்டியது படம் எடுப்பது, அளப்பது, செடி எல்லைக்கு அப்பாலும் இருக்கிறதா என்று பார்ப்பது. வழக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் படங்கள் உதவும்.

அடுத்தது இரண்டு பாதைகள். களைக்கொல்லிப் பாதையில் கிளைபோசேட் என்ற மருந்துதான் முதன்மையானது. சுவான்சீ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2012 முதல் தெற்கு வேல்ஸில் நடத்தி 2018இல் வெளியிட்ட பெரிய கள ஆய்வும் அதையே காட்டியது. அதேவேளை, சோதித்த 19 முறைகளில் எதுவும் ஆய்வுக் காலத்துக்குள் செடியை முற்றாக அழிக்கவில்லை என்றும் அது கூறியது. மருந்தின் அளவைவிடக் காலம் முக்கியம். கோடையில் செடி தன் ஆற்றலை மேல்நோக்கி அனுப்பி இலையும் தண்டுமாக வளர்க்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் பாலேட்டு நிறத்தில் பூத்த பிறகு, இலைகள் சமைத்த சர்க்கரையைக் குளிர்காலச் சேமிப்புக்காகக் கீழே இறக்குகிறது. அப்போது இலையில் தெளித்த மருந்து அந்தச் சர்க்கரையோடு சேர்ந்து நிலத்தடித் தண்டுக்குப் போய்ச் சேரும். மே மாதத்தில் தெளித்தால் இலை கருகும், பார்ப்பவருக்கு மனநிறைவு கிடைக்கும், அடியில் உள்ளது பெரிதாகப் பாதிக்கப்படாது. குறுகிய தோட்டத்தில் பக்கத்து வீட்டு ரோஜாவின் மேல் மருந்து படக் கூடாது என்றால், பயிற்சி பெற்றவர் ஒவ்வொரு தண்டின் உட்குழலிலும் ஊசியால் செலுத்துவார். இவ்வாறு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தொடர வேண்டும். செலவு சில ஆயிரம் பவுண்ட் அளவில் நிற்கும். இடையில் அந்த மண்ணைத் தோண்டவோ அங்கே கட்டவோ கூடாது.

தோண்டி அகற்றும் பாதை விரைவானது, விலை பல மடங்கு. நாட்வீட் கலந்த மண் 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. உரிமம் பெற்ற வண்டியில், அதற்கென அனுமதி பெற்ற குப்பைநிலத்துக்குத்தான் போக வேண்டும். நகராட்சி தரும் தோட்டக் கழிவுத் தொட்டியில் ஒரு தண்டைக்கூடப் போடக் கூடாது. லண்டன் வரிசை வீடு பலவற்றில் பின்தோட்டத்துக்குத் தனி வழி கிடையாது; மூட்டை கட்டிய மண் முழுவதும் சமையலறை வழியாக, கூடம் வழியாக, முன்வாசலுக்கு வர வேண்டும். நிலத்தடித் தண்டு எங்கே முடிகிறது என்று அறிந்து கைவைக்கும் ஒருவர் அருகில் நின்று பார்த்தால் அகற்ற வேண்டிய மண்ணின் அளவு வெகுவாகக் குறையும். அச்சத்தில் தோண்டினால் தோட்டமே காலியாகும். எல்லையை ஒட்டிய பக்கத்தில், வேர் ஊடுருவாத தடுப்பு விரிப்பை நெட்டுக்குத்தாகப் புதைப்பதும் உண்டு, ஏனெனில் செடியின் மறுபாதி பெரும்பாலும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்.

ஜப்பானில் இச்செடியைக் கட்டுக்குள் வைத்திருப்பவை பூச்சிகளும் பூஞ்சைகளும் என்பதால், அதன் சாற்றை உறிஞ்சும் ஒரு சிறு பூச்சியை 2010இல் இங்கிலாந்தில் விட்டுப் பார்த்தார்கள். அது நிலைகொள்ளத் திணறியது. வீட்டுக்காரருக்கு அதனால் இப்போதைக்குப் பயனில்லை.

வேலிக்கு அப்பால்

தன் நிலத்தில் நாட்வீட் வளர்வது பிரிட்டனில் குற்றமல்ல. அதை யாருக்கும் அறிவிக்கவும் வேண்டாம். 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் தடுப்பது அதைக் காட்டுநிலத்தில் பரவவிடுவதை. பக்கத்து வீட்டுக்குள் அது ஊர்ந்து போனால் வரும் பொறுப்பு வேறு வகை. மாஸ்டெக்கில் ரயில் பாதை மேட்டை ஒட்டிய இரண்டு வீடுகளுக்குள் அரை நூற்றாண்டாக அந்த மேட்டில் இருந்த நாட்வீட் புகுந்ததாக, ரயில் பாதைகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரெயில் நிறுவனத்தின் மீது வழக்கு வந்தது. 2018 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், விலை குறைந்தது என்பதற்காக மட்டும் இழப்பீடு கேட்க முடியாது, ஆனால் நிலத்தடித் தண்டு உள்ளே நுழைந்ததே நிலத்தை அனுபவிக்கும் உரிமையில் தலையீடு, அதற்கு இழப்பீடு உண்டு என்றது. கண்ணுக்குத் தெரியும் சேதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்ற அந்த முடிவு பல வீட்டுக்காரர்களுக்குக் கைகொடுத்தது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் இன்னொரு வேல்ஸ் வழக்கில் அதற்கு ஓர் எல்லை வகுத்தது. பிரிட்ஜெண்ட் உள்ளாட்சி மன்றத்தின் நிலத்திலிருந்து செடி 2004க்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டது. மன்றம் தன் கடமையிலிருந்து தவறியது 2013 முதல்தான். ஆகவே முன்பே ஏற்பட்ட விலைக்குறைவுக்கு மன்றம் பொறுப்பல்ல. அங்கே வழக்காடப்பட்ட தொகை 4,900 பவுண்ட்.

ரெயின்ஸ் பார்க்கில் வீட்டை வாங்கியவர் பக்கத்து வீட்டாரைத் தேடிப் போகவில்லை. அவர் கையில் படிவம் இருந்தது. அதனால்தான் அந்த வழக்கு வென்றது என்று நினைக்கிறேன்: செடி எப்போது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்ற, மண்ணுக்குள் புதைந்த கேள்விக்கு விடை தேட வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. பொய்யான ஒரு பதில் எழுத்தில் இருந்ததே போதுமானதாயிற்று.

நாட்வீட் கண்டறியப்பட்ட எந்த வீட்டிலும், முறையான நிறுவனம் ஒன்று செய்த வேலைத்திட்டமும், அந்த நிறுவனம் மூடப்பட்டாலும் செல்லுபடியாகும் பத்தாண்டுக் காப்பீட்டு உத்தரவாதமும் இருந்தால், வங்கிகள் பெரும்பாலும் கடன் தருகின்றன. அந்த வீட்டின் உரிமையாளர் ஒருநாள் அதை விற்கும்போது அதே டிஏ6 படிவம் அவர் முன்னும் வைக்கப்படும். அப்போது அவர் ‘ஆம்’ என்று குறியிட்டு, திட்டத்தையும் உத்தரவாதத்தையும் பின்னால் இணைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.